ஒரு குழி நிலமும் ஒரு நீலப் புள்ளியும்

புதுச்சேரி கிராமங்களில் நிலத்தைக் குழிக் கணக்கில்தான் பேசுவோம். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. பாகூரிலோ வில்லியனூரிலோ நிலம் வாங்கி விற்ற எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார். கைபேசியின் கணக்கு வேறு. மரமோ சுவரோ மறைக்காத வெட்டவெளியில் ஒரு சாதாரணக் கைபேசி காட்டும் இடம், உண்மையான இடத்திலிருந்து சுமார் 4.9 மீட்டருக்குள் இருக்கும் என்று ஜி.பி.எஸ்ஸை நடத்தும் அமெரிக்க அரசே சொல்கிறது. அந்த வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பார்த்தால் 800 சதுர அடிக்கு மேல் வருகிறது. எல்லாம் கூடிவந்த நேரத்திலும் நீலப் புள்ளியின் சந்தேகம் ஒரு குழி நிலத்தைவிடப் பெரியது.

நான் தனியார் சர்வேயர். சொந்த ஊர் பாகூர் பக்கம். வேலை வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று எல்லாக் கொம்யூன் பஞ்சாயத்திலும். சங்கிலி இழுத்துத் தொழில் கற்றேன். பிறகு டோட்டல் ஸ்டேஷன் வந்தது. இப்போது முக்காலியில் ஒரு பேஸ், கையில் கம்பத்தோடு ஒரு ரோவர்; இரண்டும் செயற்கைக்கோள் அலையைக் கேட்கும் கருவிகள். ரோவரில் ‘ஃபிக்ஸ்’ விழுந்துவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் சுத்தமாக இடத்தைச் சொல்லும். அதன் விலை லட்சங்களில். இந்தக் கருவியோடு வயலில் நின்று பழகியவன் என்பதால், பத்தாயிரம் ரூபாய் கைபேசி காட்டும் புள்ளியை வைத்து ஏழை எளியவர்களின் கூலியையும் நிவாரணத்தையும் முடிவு செய்யும் பழக்கம் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

புள்ளி இன்று எங்கும் சாட்சியாகிவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களின் வருகையை இடக்குறியோடு கூடிய புகைப்படமாகச் செயலியில் ஏற்றுவதை 2023 ஜனவரியில் மத்திய அரசு கட்டாயமாக்கியது. கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு கட்ட வேலைக்கும் இடக்குறியோடு படம் எடுக்க வேண்டும். பயிர் சாய்ந்தால் வயலில் நின்று படம். இவற்றில் எதுவும் கெட்ட நோக்கத்தில் வந்ததல்ல. பொய்க் கணக்கைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் சாட்சி சொல்கிறவனுக்குக் கண் எவ்வளவு தூரம் தெரியும் என்று விசாரிக்காமல் சாட்சியத்தை ஏற்கலாமா?

எங்கள் பகுதிக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கூர்மையானது. பாகூரும் வில்லியனூரும் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், கர்நாடகப் போர்க் காலத்தில், துண்டு துண்டாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனவை. அந்தத் துண்டுகளின் ஓரங்கள்தான் இன்றும் மாநில எல்லை. புதுச்சேரிப் பகுதி மொத்தமே 290 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதுவும் ஒரே நிலமாக இல்லை. இடையிடையே விழுப்புரம் மாவட்டமும் கடலூர் மாவட்டமும் நுழைந்து கிடக்கின்றன. ஒரே சாலையில் போகும் பேருந்து இரண்டு மூன்று முறை மாநிலம் மாறும். ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு தமிழ்நாடு. இங்கே பத்து மீட்டர் பிழை என்றால் தெரு மாறுவதோடு நிற்காது, அரசாங்கமே மாறிவிடும்.

ஒரு பட்டத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் பிரிண்ட் எடுத்த ஒரு போட்டோ. மழையில் சாய்ந்த நெல். படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, சின்னதாக ஒரு வரைபடம், பக்கத்தில் ‘கடலூர் மாவட்டம், தமிழ்நாடு’. பயிர்ச் சேதத்துக்கு மனு கொடுத்திருந்தார். இடம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருந்தது.

“தம்பி, நெலம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதே எடத்துலதான் இருக்கு. போன்தான் ஊரை மாத்திடுச்சு” என்றார்.

ரோவரை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். வயலின் ஓரத்து வரப்புதான் எல்லை. வரப்பில் வரிசையாகப் பனைமரங்கள். தூறலுக்கு ஒதுங்கி, ஒரு பனையடியில் நின்று படம் எடுத்ததாகச் சொன்னார். தெரிந்த புள்ளியில் பேஸை நிறுத்திவிட்டு, அவர் நின்ற இடத்தில் கம்பத்தை ஊன்றினேன். மரத்தடியில் வெகுநேரம் ‘ஃப்ளோட்’ என்றே, அதாவது இடம் இன்னும் உறுதியில்லை என்றே, காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வழியாக ஃபிக்ஸ் விழுந்தது. அவர் நின்ற இடம் புதுச்சேரிக்குள்ளேதான், அவருடைய ரீ-சர்வே எண்ணுக்குள்ளேதான். போட்டோவில் அச்சான எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் விழுந்தது. பனையடியில் நிற்கும் சாதாரணக் கைபேசிக்கு இது சர்வ சாதாரணமான பிழை. அதில் யாரும் பொய் சொல்லவில்லை.

அந்தக் கறுப்புப் பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அட்சரேகை 11.8 என்று தொடங்கி, புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் இருக்கும். ஆறாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் 11 சென்டிமீட்டர். என் ரோவருக்கு இணையான நுணுக்கத்தில் கைபேசி பேசுவது போன்ற தோற்றம் அது. பார்க்கும் அதிகாரிக்கு அந்த நீளமான எண் நம்பிக்கை தருகிறது. உண்மையில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு அர்த்தமே கிடையாது.

கைபேசிக்குத் தன் சந்தேகம் தெரியும் என்பதுதான் இதில் வேதனையான விஷயம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு முறை இடம் கணிக்கும்போதும் கூடவே ஒரு வட்டத்தின் அளவும் வருகிறது: இத்தனை மீட்டருக்குள் நான் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்று. அதாவது, மூன்றில் ஒரு முறை உண்மையான இடம் அந்த வட்டத்துக்கும் வெளியே இருக்கலாம் என்று கருவியே ஒப்புக்கொள்கிறது. படத்தில் எண்ணை அச்சடிக்கும் செயலிகள் பலவும் இந்த வட்டத்தை விட்டுவிடுகின்றன. ஊர்ப் பெயரோ வேறு வழியில் வருகிறது. கணித்த புள்ளிக்கு அருகில் வரைபடத் தரவில் எந்த முகவரி இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டுகிறார்கள். எல்லையோரத்தில் அந்தத் தரவே கோணலாக இருந்தால், புள்ளி சரியாக விழுந்தும் ஊர் தப்பாக அச்சாகும். பெரியவரின் மனு திரும்பியது இப்படிப் பிழைமேல் பிழை சேர்ந்ததால்தான்.

கைபேசி ஏன் தடுமாறுகிறது? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகிறது. அந்த அலை கைக்கு வர எடுத்த நேரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கைபேசியின் வேலை. நேரத்தில் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். நேராக வரவேண்டிய அலை எங்காவது மோதித் திரும்பி வந்தால், அல்லது வழியில் தாமதித்தால், கணக்கு கெட்டது.

மோதித் திரும்புவது நகரத்தின் தொல்லை. வில்லியனூரே இப்போது பாதி நகரம். திருக்காமீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் ஓட்டுவீடுகள் இருந்த இடங்களில் மூன்று மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. கீழே நின்றால் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். உணவு கொண்டுவரும் பையன்கள் வாசலில் வந்து போன் போடுவார்கள்: “அண்ணா, லொக்கேஷன் பின்னாடித் தெருவுல காட்டுது. கொஞ்சம் வெளிய வந்து நில்லுங்க.” புதுச்சேரி நகரத்துக்குள், காந்தி வீதியிலும் மிஷன் வீதியிலும், இதே கதை. செயற்கைக்கோள் அலை எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கைபேசிக்கு வரும்போது வந்த பாதை நீண்டிருக்கும். கைபேசி அதை நேர்ப்பாதை என்று நம்பி, நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைக்கும். கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கும் பையனுக்கு அந்தத் தெருச் சுற்றல் சொந்தப் பெட்ரோல்.

இதற்கு உலகம் மருந்து தேடாமல் இல்லை. பழைய எல்1 அலைவரிசையில் நேரத்தைக் குறிக்கும் ஒவ்வொரு துடிப்பும் தரையளவில் சுமார் 293 மீட்டர் நீளம். புதிய எல்5 அலைவரிசையில் அது 29 மீட்டர். துடிப்பு குறுகக் குறுக, நேராக வந்தது எது, மோதி வந்தது எது என்று பிரித்தறிவது எளிது. இரண்டு அலைவரிசையையும் கேட்கும் முதல் கைபேசியாக ஷாவ்மி நிறுவனத்தின் மி 8 வந்தது 2018-இல். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பால் குரோவ்ஸ், கட்டடங்களின் முப்பரிமாண வரைபடத்தை வைத்து, எந்தச் செயற்கைக்கோள் எந்தத் தெருவில் மறையும் என்று கணித்து இடத்தைத் திருத்தும் முறையை 2011 வாக்கிலேயே முன்வைத்தார். கூகுள் 2020 டிசம்பரில் 3,850-க்கும் மேற்பட்ட நகரங்களின் கட்டட வரைபடத்தை ஆண்ட்ராய்டோடு இணைத்து, சாலையின் தப்பான பக்கம் காட்டுவதைப் பெரிதும் குறைத்ததாக அறிவித்தது; முதலில் அதைப் பெற்றவை அதன் சொந்த பிக்சல் கைபேசிகள். ஜப்பான் தன் நகரங்களின் உயரமான கட்டடங்களுக்காகவே ‘மிச்சிபிக்கி’ என்ற செயற்கைக்கோள் வரிசையை அமைத்தது. அவற்றில் ஒன்று எப்போதும் தலைக்கு நேர் மேலே நிற்கும்படி பாதை வகுத்தார்கள்.

இவை எல்லாம் உயர்ந்த காரியங்கள்தான். மாட வீதிக்கு இவை நாளை வந்து சேரும் என்றும் நம்புகிறேன். பாகூர் வயலில் முப்பரிமாணக் கட்டட வரைபடம் உதவாது. அங்கே மறைப்பது பனையும் தென்னந்தோப்பும். அவற்றைக் கடந்து ஒன்று இருக்கிறது, அது எங்கள் தலைக்கு மேலுள்ள வானம்.

தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற ஒரு காற்று மண்டலம் இருக்கிறது. அயனி மண்டலம் என்கிறோம். செயற்கைக்கோள் அலை அதைக் கடக்கும்போது தாமதிக்கும். காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போவதால் தென்னிந்தியாவின் மேல் இந்த மண்டலம் ஐரோப்பாவின் மேல் இருப்பதைவிடத் தடிப்பானது, கொந்தளிப்பும் அதிகம். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் நண்பகலில் இந்தத் தாமதம் மட்டும் பத்து மீட்டரைத் தாண்டும். ஒரே அலைவரிசையைக் கேட்கும் கைபேசி, ஜி.பி.எஸ். அனுப்பும் ஒரு பொதுச் சூத்திரத்தை வைத்து அதில் ஏறத்தாழப் பாதியைக் கழிக்கும். மீதிப் பாதி புள்ளியின்மேல் ஏறும். இரண்டு அலைவரிசையைக் கேட்கும் கருவிக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. எல்1-உம் எல்5-உம் வெவ்வேறு அளவில் தாமதிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்தே தாமதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த மண்டலத்தின் கொந்தளிப்புக்கு இதுவும் போதாது. 2024 போன்ற சூரியன் உக்கிரமான ஆண்டில் பங்குனி, புரட்டாசி மாதத்து அந்தி சாய்ந்ததும் என் ரோவரே ஃபிக்ஸ் பிடிக்கத் திணறும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: “ஆறு மணிக்குள்ள முடிச்சிடு, அப்புறம் நிக்காது” என்பார்கள். லட்சம் ரூபாய் கருவிக்கே அந்தக் கதி என்றால் பத்தாயிரம் ரூபாய் கைபேசியின் நிலையை யோசிக்கலாம்.

ஆகவே மலிவுக் கைபேசியில் இரட்டை அலைவரிசை வேண்டும் என்பது பாரிஸ்காரரைவிட பாகூர்காரருக்கு அவசரமான தேவை. சந்தையில் நடப்பது தலைகீழ். விலை கூடிய கைபேசிகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. கிராமத்தில் கைமாறும் கைபேசிகளில் பெரும்பாலானவை இன்றும் எல்1 மட்டும் கேட்பவை.

நம் நாடு இதற்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் ககன் என்ற திட்டத்தைக் கட்டின. தரை நிலையங்கள் இந்திய வானின் அயனி மண்டலத்தை அளக்கின்றன. கிடைத்த திருத்தம் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்க இலவசமாகப் பொழிகிறது. நம் வானத்துக்கென்றே, நம் விஞ்ஞானிகள் தனிக் கணக்குமுறை வகுத்தார்கள். விமானங்கள் அதை வைத்து இறங்கலாம் என்ற சான்றிதழ் 2015-இல் கிடைத்தது. அந்தத் திருத்தம் எல்1 அலைவரிசையிலேயே வருகிறது, மலிவுக் கைபேசியின் காதுக்கு எட்டும் அலைவரிசையில். ஆனாலும் கைபேசிகளில் பெரும்பாலும் அது பயன்படுவதில்லை. நம் வரிப்பணத்தில் உருவான திருத்தம் நம் வயலின் மேல் இரவு பகலாக விழுந்துகொண்டிருக்கிறது. வயலில் நிற்பவரின் கையிலுள்ள கருவி அதை எடுத்துக்கொள்வதில்லை.

இடம் காட்டுவதற்கென்றே நம் நாடு அமைத்த சொந்தச் செயற்கைக்கோள் வரிசையான நாவிக்கின் கதை இன்னும் மனதைப் பிசைவது. 2013 ஜூலையில் தொடங்கி 2016 ஏப்ரலுக்குள் ஏழு செயற்கைக்கோள்களை இஸ்ரோ ஏவி முடித்தது. அதன் அமைப்பில் 83 டிகிரி கிழக்கில் ஒரு இடம் இருக்கிறது. பாகூரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அது ஏறத்தாழ 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில். மாட வீதியின் எந்த மாடியும் அதை மறைக்க முடியாது. ஜப்பான் பாடுபட்டு வகுத்த வசதியை இந்தப் பூமியின் அமைப்பே நமக்குக் கொடுத்திருக்கிறது. நடந்தது என்ன? முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் மூன்றும் 2016-இல் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. பிறகு வேறு கடிகாரங்களும் ஒவ்வொன்றாக நின்றன. உள்நாட்டு அணுக் கடிகாரத்தோடு 2023 மே 29 அன்று போன என்.வி.எஸ்-01 நல்லபடி நிலைகொண்டது. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் போன என்.வி.எஸ்-02, வால்வு திறக்காததால் தன் பாதைக்குப் போகவே முடியவில்லை.

இதில் எளியவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் ஏழும் எல்5, எஸ் என்ற அலைவரிசைகளில் மட்டுமே பேசின. எல்1 மட்டும் கேட்கும் மலிவுக் கைபேசிக்கு நாவிக் இருப்பதே தெரியாது. எல்1-ஐச் சேர்த்தது என்.வி.எஸ். வரிசைதான். ஏழையின் கைபேசி நாவிக்கைக் கேட்பது இந்த வரிசை முழுமையாவதைப் பொறுத்தது. விண்வெளி நிலையம், நிலவுப் பயணம் என்று பேசும்போது இந்த வேலைக்கும் முன்வரிசையில் இடம் கொடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதெல்லாம் ஏன் அவசரம் என்பதை 2024 நவம்பர் 30 எங்களுக்குக் காட்டியது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தண்ணீர் வடியத் தொடங்கிய வேளையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது. பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பம், குருவிநத்தம் போன்ற ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தப் பக்கம் சங்கராபரணியில் வீடூர் அணைத் தண்ணீர். வரப்பு தெரியவில்லை, எல்லைக்கல் தெரியவில்லை, தெரு தெரியவில்லை. உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய புள்ளிதான் படகுக்கு வழி. சாதாரண நாளில் கைபேசி சில நொடிகளில் இடம் பிடிப்பது டவர் வழியாக இணையத்திலிருந்து செயற்கைக்கோள் விவரங்களை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதால். டவர் விழுந்துவிட்டால் அது நேராக வானத்திலிருந்தே கேட்க வேண்டும். ஜி.பி.எஸ். நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசும். ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் முழுதாக வரவே அரை நிமிடம். அதுவரை கைபேசியை வானம் தெரியும் இடத்தில் அசையாமல் வைத்திருக்க வேண்டும். மாடிப்படியின் அடியில் ஒதுங்கி நின்று புள்ளி அனுப்பியவர்களிடம் யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. பேரிடர்ப் பயிற்சி என்று பள்ளிகளில் நடத்தும்போது இந்த அரை நிமிடப் பாடத்தையும் சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை.

அரசு உடனே செய்யக்கூடியதில் முதலாவது, செயலிகளைத் திருத்துவது. எந்த அரசுச் செயலியும் புள்ளியோடு சேர்த்துப் பிழை வட்டத்தையும் பதிய வேண்டும். வட்டம் எல்லைக்கோட்டைத் தொட்டால் அந்த மனுவைத் தள்ளக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர் ரீ-சர்வே எண்ணைப் பார்த்து முடிவு செய்யட்டும். வட்டம் பெரிதாக இருந்தால் ‘வெட்டவெளிக்கு வந்து அரை நிமிடம் நில்லுங்கள்’ என்று தமிழில் திரையில் சொல்லட்டும். மென்பொருள் எழுதுகிறவருக்கு இது ஒரு நாள் வேலை. புதுச்சேரியைப் போல எல்லை பின்னிக் கிடக்கும் பகுதியில், மாநிலத்தின் பெயரைப் புள்ளியை வைத்துத் தானாக நிரப்பும் ஏற்பாட்டையே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. நிலத்தின் பதிவேடு அரசிடமே இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்துக் கதாஸ்தர் எண்ணையும் இன்றைய ரீ-சர்வே எண்ணையும் சேர்த்துப் பத்திரத்தில் எழுதும் ஊர் இது. அந்தப் பதிவேட்டை மீறிக் கைபேசிப் புள்ளிக்குப் பேச்சுரிமை கொடுப்பது தலைமுறை தலைமுறையாக அளந்தவர்களின் உழைப்பை அவமதிப்பது.

இரண்டாவது, கொள்முதல். துறைகள் களப்பணியாளர்களுக்காகக் கைபேசியும் டேப்லெட்டும் வாங்கும்போது டெண்டரில் திரை எத்தனை அங்குலம், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எல்1, எல்5 இரண்டும், நாவிக்கும், ககனும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மொத்தமாக வாங்கும் கை கேட்டால் உற்பத்தியாளர் கொடுப்பார். அங்கிருந்து அது சந்தைக்கும் இறங்கும்.

மூன்றாவதுதான் எனக்கு நெருக்கமானது. இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்க நிரந்தரத் தரை நிலையங்களை நிறுவி, சில சென்டிமீட்டர் சுத்தத்துக்குத் திருத்தம் தருகிறது. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ட்ரோன்கள் பறந்து கிராமக் குடியிருப்புகளை அளந்தது அந்த நிலையங்களின் துணையோடுதான். எல்லாக் கிராமங்களுக்கும் சொத்து அட்டை தயாரித்து முடித்த சில பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. குடியிருப்புக்கு அந்தச் சுத்தம் கிடைத்துவிட்டது. வயலில் நிற்பவரின் கைபேசிக்கும் அதே திருத்தத்தின் ஒரு பங்காவது எட்ட வேண்டும். எட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2021-இல் கூகுள் நடத்திய போட்டியில் சாதாரணக் கைபேசிகள் பதிந்த மூலத் தரவை மட்டும் கொடுத்து, காரின் பாதையைக் கணிக்கச் சொன்னார்கள். வென்ற ஜப்பானிய ஆய்வாளர் தாரோ சுசூகி அருகிலிருந்த தரை நிலையத் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிழையை 2 மீட்டருக்குள் கொண்டுவந்தார். கைபேசிக்குள் இருக்கும் சின்ன ஆன்டெனாவாலேயே அது முடிந்தது.

பிரான்சில் விவசாயிகளும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 2019 முதல் ‘சென்டிபீட்’ என்ற வலையமைப்பை நடத்துகிறார்கள். மலிவான இரட்டை அலைவரிசைச் சில்லு, ஒரு ஆன்டெனா, ஒரு இணைய இணைப்பு. கொட்டகைக் கூரையில் பொருத்திவிட்டால் அது ஒரு தரை நிலையம். திருத்தம் எல்லோருக்கும் இலவசம். அந்தச் சில்லின் விலை 200 டாலரை ஒட்டித்தான். இந்தக் கணக்கைப் போட உதவும் மென்பொருளை டோக்கியோவைச் சேர்ந்த தோமோஜி தகாசு என்ற ஆய்வாளர் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். இங்கே வரைபடத் தரவு சேகரிக்க முன் அனுமதி வேண்டும் என்ற தடையை மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே நீக்கிவிட்டது.

ஒரு பேஸ் தன்னைச் சுற்றிப் பதினைந்து இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு நன்றாக உழைக்கும் என்பது என் அனுபவம். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் மாடியில் ஒன்று, வில்லியனூரில் ஒன்று, மண்ணாடிப்பட்டில் ஒன்று வைத்தால் புதுச்சேரிப் பகுதியின் ஒவ்வொரு குழியும் எட்டிவிடும். நடுவில் கிடக்கும் தமிழ்நாட்டு ஊர்களும் எட்டிவிடும். கரண்ட் போனால் ஓட ஒரு இன்வெர்ட்டர். புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களிடம் பராமரிப்பை ஒப்படைக்கலாம். அவர்களுக்கும் கையில் பிடித்துக் கற்கும் படிப்பு. ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது, அதன் இடத்தை எப்படி அளந்து உறுதி செய்வது என்பதை என்னைப் போன்ற உள்ளூர் சர்வேயர்கள் கூலி வாங்காமல் செய்து கொடுப்போம். கொம்யூன் ஆணையர்கள் மூன்று பேரும் இசைந்தால், அடுத்த சம்பா நடவுக்கு முன்பே இதை முடித்துவிடலாம்.